"அதை யார் சார் திருடுவான்?"

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடு எழுதுகிறேன். முதலில் எழுதியதை இரண்டு முறை அழித்துவிட்டு, சற்று ஆறிய பிறகு மூன்றாவது முறையாக எழுதுவது இது.

நம் பழைய மாணவன் ஒருவனுடைய அம்பாசிடர் கார் கும்பகோணத்தில் திருடு போய்விட்டது. பெயர் வேண்டாம் சார் என்று கேட்டுக்கொண்டான், அதனால் போடவில்லை. உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவன் அப்பா ரயில்வே ஸ்டேஷன் வாசலில் டாக்சி ஓட்டியவர். 1977 மாடல் மார்க் 3. பிறகு ஓன் போர்டாக மாற்றி, அவர் காலமான பின் மகன் வைத்திருந்தான். உறவுக்காரர் கல்யாணத்துக்காக வந்து, மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் இரவு நிறுத்தினான். முகூர்த்தத்துக்கு எழுந்து விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால், வண்டி இருந்த இடத்தில் எண்ணெய் சொட்டிய கறை மட்டும் இருக்கிறது.

இந்தச் செய்தியை அவன் நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். யாராவது பார்த்தால் சொல்லுங்கள் என்று கேட்டுத்தான் போட்டான். வந்த பதில்கள் என்ன? "நல்லதாப் போச்சுடா, ஸ்கிராப் போடுற செலவு மிச்சம்." "திருடினவன் பாவம், பெட்ரோல் போட்டே போண்டியாயிடுவான்." கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. இதில் மூன்று பேர் இன்று ஆசிரியர்கள்.

சரி, அது பிள்ளைகள் குழு என்று விட்டேன். குடும்பக் குழுவில் சொன்னேன். என் மருமகன் நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர். அவரும் "மாமா, அதை யார் மாமா திருடுவான்? எங்கயாவது நிறுத்திட்டு மறந்திருப்பார்" என்கிறார். என் தம்பியும் அதையே சொன்னான். காவல் நிலையத்தில் (எந்த நிலையம் என்று சொல்லவில்லை) எழுத்தர் கேட்டதும் அதே கேள்விதான்: "அதை யார் சார் திருடுவான்?" இரண்டு நாள் நீங்களே தேடிப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். எஃப்.ஐ.ஆர். போட்டது மூன்றாம் நாள்.

இந்த ஒரு கேள்விதான் என் கோபத்துக்குக் காரணம். திருடனுக்கு நாம் போட்டுக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு இது. வீட்டுக்காரன் பூட்டு வாங்காமல் இருப்பதும், பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்க்காமல் இருப்பதும், போலீஸ் மனு வாங்காமல் இருப்பதும் இந்தக் கேள்வியால்தான்.

யார் திருடுவான் என்று கேட்டீர்கள் அல்லவா? சொல்கிறேன்.

அம்பாசிடர் தயாரித்த உத்தரபாரா தொழிற்சாலை 2014 மே மாதத்தோடு மூடப்பட்டது. அதற்குப் பிறகு புது அம்பாசிடர் ஒன்றுகூட வெளிவரவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் அம்பாசிடர்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கதவு வேண்டும், முன் கிரில் வேண்டும், பம்பர் வேண்டும், கியர் பாக்ஸ் வேண்டும். புதிதாகக் கிடைக்காத பொருள் எங்கிருந்து வரும்? இன்னொரு அம்பாசிடரிலிருந்துதான் வரும். முழு வண்டியாக விற்றால் ஆர்.சி. புத்தகம் கேட்பார்கள். கதவுக்கு ஆர்.சி. புத்தகம் உண்டா? பிரித்து விற்றால் ஒரே இரவில் அடையாளம் அழிந்துவிடும். மிச்சம் இருக்கும் தகடு பழைய இரும்பு எடைக்குப் போய்விடும்.

இன்னொரு வழியும் உண்டு. எங்கோ ஒரு வண்டி துருப்பிடித்துச் செத்துப் போயிருக்கும். ஆனால் அதன் பேப்பர்கள் சுத்தமாக இருக்கும். அந்தப் பேப்பருக்கு ஓர் உடம்பு வேண்டும். நம் வண்டி அந்த உடம்பு. பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கான்டெஸா, முதல் கால மாருதி 800, எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

சினிமா, கல்யாண ஊர்வலம், போட்டோ ஷூட் என்று இப்போது பழைய வண்டிக்குத் தனி மவுசு வேறு வந்திருக்கிறது. நீங்கள் சிரித்த அதே வண்டியின் முன்னால் நின்றுதான் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கல்யாணப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், எளிது. இன்று வரும் கார்களின் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்பை வண்டி அடையாளம் கண்டால்தான் இன்ஜின் உயிர் பெறும். பழைய வண்டியின் சாவி வெறும் பித்தளைத் துண்டு. இக்னிஷன் சுவிட்ச் செய்வதெல்லாம் பேட்டரி மின்சாரத்தைக் காயிலுக்கு அனுப்புவது மட்டுமே. நம் வீட்டு டியூப்லைட் சுவிட்சுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாற்பது வருடம் திருகித் திருகி உள்ளே தேய்ந்துபோன பூட்டில் பக்கத்து வண்டிச் சாவியும் திரும்பும். முன் கதவில் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடி, அதன் கொக்கி எவ்வளவு லொடலொட என்று இருக்கும் என்று வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதைத் தள்ளினால் உள்ளே கை போகும், கதவு திறக்கும்.

நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி படித்தவன், மெக்கானிக் இல்லை. ஆனால் 1996-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பத்மினியை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவன் பாதி மெக்கானிக் ஆகாமல் தப்ப முடியாது.

இப்போது திருட்டு எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன். இதில்தான் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. எதிரே இருந்த மருந்துக் கடை கேமராவில் பதிவாகியிருக்கிறது. இரவு மூன்று மணிக்கு மேல் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் கதவைத் திறந்து உட்காருகிறான். மற்றவன் பின்னால் நின்று தள்ளுகிறான். விளக்கு இல்லை, சத்தம் இல்லை, இன்ஜினைத் தொடவே இல்லை. ஏதோ நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது போலச் சாவகாசமாகத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போகிறார்கள். அதற்கு மேல் கேமரா இல்லை.

அந்தக் காட்சியில் ஒரு பால்காரர் சைக்கிளில் கடந்து போகிறார். ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போகிறார். பழைய அம்பாசிடரைத் தள்ளுவது நம் ஊரில் அதிசயமா என்ன? அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் கைகொடுத்திருப்பேன்.

நம் ஆட்கள் பாதுகாப்பு என்றதும் முதலில் சொல்வது கட் ஆஃப் சுவிட்ச். நல்லதுதான். இக்னிஷனிலிருந்து காயிலுக்குப் போகும் ஒயரில் ஒளித்து ஒரு சுவிட்ச் வைத்தால், சாவி திரும்பினாலும் ஸ்பார்க் வராது. என் வண்டியிலும் இருக்கிறது. ஆனால் இன்ஜினையே தொடாமல் தள்ளிக்கொண்டு போகிறவனிடம் அந்தச் சுவிட்ச் என்ன செய்யும்? ஸ்டியரிங் லாக் இல்லாத வண்டி, நியூட்ரலில் போட்டால் குழந்தை வண்டி மாதிரி உருளும். அதனால் வண்டியை உருளவிடாமல் செய்வதுதான் முதல் வேலை என்று இப்போது சொல்கிறேன். முன்பு நானும் இதை யோசித்ததில்லை.

ஸ்டியரிங்கையும் பெடலையும் சேர்த்துப் பூட்டும் இரும்புத் தடி கடையில் கிடைக்கிறது. பளிச்சென்று மஞ்சளோ சிவப்போ அடித்தது வாங்குங்கள், வெளியிலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும். பழைய ஸ்டியரிங்கின் வளையம் மெல்லியது, ஹாக்சா பிளேடால் அறுத்துவிடுவான் என்பீர்கள். உண்மை. ஆனால் அறுக்கச் சத்தமும் நேரமும் ஆகும். திருடனுக்குப் பிடிக்காத இரண்டு விஷயங்கள் அவை. கியர் லாக் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். அது தரையில் கியர் உள்ள வண்டிக்கு. ஸ்டியரிங்கிலேயே கியர் உள்ள பழைய அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் பொருந்தாது, கடைக்காரர் பொருந்தும் என்று சொன்னாலும் பொருந்தாது. வெளியூரில் இரவு நிறுத்த வேண்டி வந்தால் சக்கரத்தில் பூட்டும் கிளாம்ப், அதுவும் இல்லையென்றால் தடித்த சங்கிலி. சக்கரத்தின் துளை வழியாகச் சங்கிலியை விட்டு அச்சோடு சேர்த்துப் பூட்டுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும். நிறுத்தும்போது முன் சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் முழுக்கத் திருப்பி, கியரில் விட்டு நிறுத்துங்கள்.

சுவிட்ச் விஷயத்துக்கு வருகிறேன். வைப்பவர்கள் எல்லோரும் டாஷ்போர்டுக்கு அடியில் இடது கைக்கு எட்டும் இடத்தில்தான் வைக்கிறார்கள். திருடனும் முதலில் அங்கேதான் தடவுவான். வேறு இடம் யோசியுங்கள், இடத்தை இங்கே எழுத மாட்டேன். நம் சொந்தக்காரர் ஒருவர் போன வருடம் ஒரு நிச்சயதார்த்தத்தில் தன் வண்டியின் ரகசிய சுவிட்சை வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டி விளக்கினார். சமையல்காரர் உட்பட. அவர் இந்தப் பதிவையும் படிப்பார், கோபித்துக்கொள்ளட்டும்.

பல நாள் நிறுத்திவைக்கிறீர்களா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ரோட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பொருள். அது இல்லாமல் எந்த பிளக்குக்கும் ஸ்பார்க் போகாது. பைசா செலவில்லை. என் மெக்கானிக் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, அவருடைய குருநாதர் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததாம். எடுத்ததை எங்கே வைத்தோம் என்று மறக்காமல் இருக்க வேண்டும். நான் ஒரு முறை வேட்டியோடு சேர்த்துச் சலவைக்குப் போட்டுவிட்டேன்.

இதெல்லாம் எதற்கு சார், ஜி.பி.எஸ். போட்டால் போச்சு என்று பொறியாளர் மாணவர்கள் சொல்கிறீர்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது திருட்டைத் தடுக்காது, திருடு போன பிறகுதான் பேசும். வாரக்கணக்கில் நிற்கிற வண்டியில் அது பேட்டரியை உறிஞ்சும். பேட்டரி கம்பியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீரும் வரைதான் ஆயுள். சட்டைப் பொத்தான் போல இருக்கும் ஏர்டேக் வகையறா, பக்கத்தில் யாராவது செல்போன் வைத்திருந்தால்தான் இடம் சொல்லும். போதாததற்கு, "உங்களோடு தெரியாத ஒரு டேக் பயணிக்கிறது" என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை கொடுத்துவிடும். பெண்களை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல ஏற்பாடுதான் அது. நம் காரியத்துக்கு எதிராகப் போகிறது. ஒன்று வைத்தால் சீட் தையலுக்குள் வையுங்கள். அதை மட்டும் நம்பித் தடியை வாங்காமல் இருந்துவிடாதீர்கள்.

அடுத்து சொல்லப்போவது என் தவறு. மறைக்க விரும்பவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு அந்த மாணவன் என்னிடம் வந்து கேட்டான்: "சார், இன்ஷூரன்ஸ் புல்லா எடுக்கவா, தேர்ட் பார்ட்டி போதுமா?" நான்தான் சொன்னேன்: "தேர்ட் பார்ட்டி போதும்டா. மிச்சக் காசுக்கு ரெண்டு டயர் மாத்து." டயர் மாற்றினான். அந்த டயரோடு வண்டி போய்விட்டது. தேர்ட் பார்ட்டி பாலிசி நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கு மட்டும்தான். திருட்டுக்கு ஒரு ரூபாய் வராது. "அதை யார் திருடுவான்" என்று நான் வாயால் சொல்லவில்லை. ஆனால் என் யோசனைக்கு அடியில் இருந்தது அதே எண்ணம்தான். குழுவில் சிரித்த பதினொரு பேரைத் திட்டும் தகுதி எனக்கு எவ்வளவு என்று நானே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே விவரமாகச் சொல்கிறேன். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கும் ஐ.டி.வி. என்கிற மதிப்பை நிறுவனமும் நாமும் பேசி ஒப்புக்கொள்வதுதான் முறை. ஏஜென்ட் கணினியில் வந்த சில்லறைத் தொகையைக் காட்டி "இவ்வளவுதான் சார் காட்டுது" என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டியின் படங்கள், செலவு செய்த பில்கள் எல்லாவற்றையும் கொடுத்து, சர்வேயரை வைத்துப் பார்த்து மதிப்பு போடச் சொல்லுங்கள். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்று. என் பத்மினிக்கு மூன்றாவதாகக் கேட்ட இடத்தில்தான் திருட்டுக்கும் சேர்த்து எடுக்கச் சம்மதித்தார்கள். திருடு போனால் இரண்டு சாவியையும் கேட்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். பழைய வண்டிக்காரர்களிடம் ஒரு சாவிதான் இருக்கும், அதுவும் வளைந்திருக்கும். இன்றே இன்னொன்று வெட்டி வையுங்கள். சாவியை வண்டியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், கவனக்குறைவு என்று சொல்லிப் பணத்தை மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கும்.

போலீஸ் விஷயம். இரண்டு நாள் தேடிப் பாருங்கள் என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 173-ஆம் பிரிவைப் பாருங்கள். எந்த எல்லைக்குள் குற்றம் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியிலும் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பதிய மறுத்தால் தகவலை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. அந்த இரண்டு நாளில் ஒரு அம்பாசிடரை எத்தனை துண்டாகப் பிரிக்கலாம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் அன்றே எழுத்தில் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்து, நிறுவனத்துக்குச் சொல்வதில் மட்டும் தாமதமானால், அதை வைத்து மட்டும் திருட்டுக் கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போலீசில் தாமதம் என்றால் அந்தத் துணை நமக்கு இல்லை.

ஒரிஜினல் ஆர்.சி.யை டாஷ்போர்டு பெட்டியில் வைக்காதீர்கள். அந்த மாணவன் வைத்திருந்தான். அப்பா காலத்துப் பழக்கம், செக்கிங்கில் காட்ட வேண்டுமே என்று. இப்போது டிஜிலாக்கரில் காட்டினால் போதும், சட்டப்படி செல்லும். வண்டியையும் கொடுத்து அதன் ஜாதகத்தையும் கொடுத்தால் திருடன் உங்களை வாழ்த்திவிட்டுப் போவான்.

சின்ன வகுப்பில் நாணயத்தின் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்க்கச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? ராஜா தலையும் சிங்கமும் காகிதத்தில் வரும். அதே வேலையைச் சேசிஸ் நம்பருக்கும் இன்ஜின் நம்பருக்கும் செய்யுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் ட்ரேஸ் எடுப்பது அதுதான். ஒரு காகிதத்தில் தேய்த்து, தேதி போட்டு, வீட்டில் வையுங்கள். அந்த எழுத்துகளின் நெளிவு, இடைவெளி எல்லாம் அதில் பதியும். பின்னால் யாராவது நம்பரை மாற்றி அடித்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். கதவின் உள்புறம், டிக்கியின் அடி, பழைய வெல்டிங் போட்ட இடம், சீட் கிழிசல், இவற்றையெல்லாம் படம் எடுத்து வையுங்கள். முன்பக்கமாக அழகாக நின்று எடுக்கும் படம் எதற்கும் உதவாது.

அந்த அழகான படத்தை முகநூலில் போடுகிறீர்களே, அதையும் சொல்ல வேண்டும். வண்டி, நம்பர், பின்னால் வீட்டு கேட், கேட்டில் வீட்டு எண். அடுத்த பதிவில் "குடும்பத்தோடு கொடைக்கானலில் ஐந்து நாள்". இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்? கவர் போட்டு மாதக்கணக்கில் தெருவில் நிறுத்துவதும் அதே கதைதான். கவர் மேல் படிந்த தூசியின் கனத்தைப் பார்த்தே எத்தனை நாளாகச் சொந்தக்காரன் வரவில்லை என்று கணக்குப் போடலாம். வாரம் ஒரு முறையாவது எடுத்து ஓட்டுங்கள். வண்டிக்கும் நல்லது. தெருவில் இருப்பவர்களுக்கு அது யாருடைய வண்டி, எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்திருக்கட்டும். என் தெருவில் என் பத்மினியை வேறு யாராவது எடுத்தால் பூக்காரம்மா விடமாட்டார்.

1977 மாடல் என்பதால் 2027-இல் அந்த அம்பாசிடருக்கு 50 வயது. 2021-இல் வந்த விதிப்படி, வணிகத்துக்குப் பயன்படுத்தாத, பெரிதாக மாற்றம் செய்யாத 50 வயது வண்டிக்கு விண்டேஜ் என்று தனிப் பதிவே உண்டு. அரசாங்கம் அதை ஒரு பாரம்பரியப் பொருள் என்கிறது. நீங்கள் ஸ்கிராப் என்கிறீர்கள்.

சிரித்தவர்களுக்கு ஒன்று. தேர்தல் வேலைக்குப் போகும்போது பெட்டியோடு எங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனது இதே வண்டிதான். மழையில் சேற்றில் சிக்கியபோது இறங்கித் தள்ளியவர்களில் நானும் ஒருவன். நான்கு பிள்ளைகளைப் படிக்கவைத்தது அந்த வண்டி ஓட்டிய காசு. அவன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வந்ததும் அதில்தான், அன்று சவாரியை விட்டுவிட்டு அவன் அப்பா பள்ளி வாசலிலேயே மூன்று மணி நேரம் நின்றிருந்தார். உங்களில் சிலரையும் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார், காசு வாங்கவில்லை. குழுவில் போட்ட அந்தப் பொம்மைகளை அழித்துவிட்டு அவனுக்கு ஒரு போன் போடுங்கள்.

வண்டி எண்ணை இங்கே போடவில்லை. நம்பர் பிளேட்டைத்தான் முதலில் கழற்றியிருப்பார்கள். அடையாளம் இவை: கிரீம் வெள்ளை நிறம். பின்பக்க இடது கதவின் கீழ் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு வெல்டிங், அதன் மேல் அடித்த பெயின்ட் மட்டும் சற்று மஞ்சளாக இருக்கும். ஓட்டுநர் பக்க முக்கோணக் கண்ணாடியில் மூலையில் விரிசல். டிக்கியின் உள்ளே மரப்பலகை அடித்து அதில் நீல பெயின்டில் நான்கு பிள்ளைகளின் முதல் எழுத்துகள். முழு வண்டியாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்குக் குறைவு. அதனால் தஞ்சாவூர், திருச்சி, சென்னைப் பக்கம் பழைய பாகம் விற்கும் இடங்களுக்குப் போகிறவர்கள் அந்தக் கதவையும் அந்தப் பலகையையும் மட்டும் தேடுங்கள். பார்த்தால் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், நான் அவனை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன்.